பெட்டி சொன்னது பாதி, போல்ட் சொன்னது மீதி

கடந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு, கிள்ளானில் நாங்கள் வழக்கமாகக் கூடும் மாமாக் கடைக்கு மைவி வந்தார். ஆனால் மைவியில் வரவில்லை. நாள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர், அன்று இன்னொரு இ-ஹெய்லிங் காரின் பின்னிருக்கையிலிருந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே யாரும் கிண்டல் செய்யவில்லை.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நால்வரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறி, ஆளுக்கொரு திசையில் சிதறிய பிறகும் எங்களைச் சேர்த்து வைத்திருப்பது கார்ப் பைத்தியம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. 1990-ஆம் ஆண்டு புரோட்டோன் சாகாவை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் பட்டறைக்காரர் ‘சாகா அண்ணன்’. வயது 58. கணினி பழுதுபார்க்கும் நண்பர் ‘காஞ்சில்’. இ-ஹெய்லிங் ஓட்டுபவர் ‘மைவி’. நான் ‘விரா’. அன்று ஐந்தாவது ஆளும் இருந்தான். சாகா அண்ணனின் தங்கை மகன், எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவன். அவனுக்கு இன்னும் சொந்தக் கார் இல்லாததால் பட்டப்பெயரும் கிடைக்கவில்லை. ‘தம்பி’ என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

தே தாரிக் வருவதற்குள் மைவி தன் கதையைக் கொட்டிவிட்டார். மூன்று வாரங்களாக டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. சிவப்பு விளக்குச் சந்திப்பில் நின்றால் கார் உதறுகிறது. ஒரு பட்டறையில் கணினியைச் செருகிப் பார்த்து, முதலாவது சிலிண்டரில் கோளாறு என்று இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. பிறகு அதே விளக்கு. இந்த முறை மூன்றாவது சிலிண்டர் என்றார்கள். நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். ஒரு வாரத்தில் மீண்டும் விளக்கு. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கடைசியில், “எஞ்சின் கணினியே போய்விட்டது, மாற்றினால் 1,800 ரிங்கிட்” என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை 800 ரிங்கிட் செலவாகியிருந்தது. கார் ஓடாத நாளெல்லாம் வருமானமும் இல்லை. அடுத்த வாரம் காருக்கான மாதத் தவணை வேறு.

“மாத்திடலாமா அண்ணே?” என்று கேட்டார்.

சாகா அண்ணன் பதில் சொல்லவில்லை. “விளக்கு எப்போ எரியுது?” என்று திருப்பிக் கேட்டார். “மழையிலயா, வெயில்லயா? ஓடும்போதா, நிக்கும்போதா? ஏர்கான் போட்டா வருதா, போடாமலே வருதா?”

மைவி யோசித்தார். நெடுஞ்சாலையில் வருவதே இல்லை. நெரிசலில் ஏர்கானோடு நிற்கும்போதுதான் உதறல். மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம்.

“இதை அந்தப் பட்டறையில சொன்னியா?”

“அவங்க கேட்கவே இல்லையே.”

இந்த இடத்தில் வாசகர்களுக்கு, குறிப்பாக அண்மையில் உரிமம் எடுத்த இளைஞர்களுக்கு, அந்த மஞ்சள் விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், 16 ஊசிகள் கொண்ட ஒரு செருகி இருக்கும். ஓ.பி.டி.-2 என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் 1996 முதல் இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இல் இதே போன்ற விதி வந்தது. புகையைக் கட்டுப்படுத்தத்தான் இந்தச் சட்டங்கள் பிறந்தன. எஞ்சின் சரியாக எரிக்காவிட்டால் கார் தானே அதைக் கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். அப்படிக் கண்டுபிடித்ததை ஓர் எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட குறியீடாகக் கார் எழுதி வைக்கும். ‘பி’ என்று தொடங்கினால் எஞ்சின், கியர்பெட்டி சம்பந்தப்பட்டது. ‘சி’ என்றால் பிரேக், சஸ்பென்ஷன் பக்கம். ‘பி’ போலவே ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து என்றால் காற்றுப்பை, கதவு போன்ற உடல் பகுதி. ‘யு’ என்றால் காருக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில் தகராறு.

மைவிக்கு வந்தது பி 0301, பிறகு பி 0303. முதலாவது சிலிண்டரில், மூன்றாவது சிலிண்டரில் எரிதல் தவறியது என்று பொருள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ‘எரியவில்லை’ என்றுதான் பெட்டி சொல்கிறது. ஏன் எரியவில்லை என்று சொல்லவே இல்லை. பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், பெட்ரோல் வராமல் இருக்கலாம், வால்வு கசியலாம், ஒயர் விட்டிருக்கலாம். குறியீட்டைப் படித்த உடனே பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்று வந்தவரிடம் வேறெதுவும் கேட்காமல் மருந்து கொடுப்பதைப் போன்றது. சில நேரம் குணமாகும். ஆனால் மாற்றிய பாகத்துக்கு எப்போதும் காசு கொடுத்தாக வேண்டும்.

காஞ்சிலுக்கு இது புதிதல்ல. “என் கடைக்கு வர்ற மடிக்கணினி எல்லாம் இதே கதைதான்” என்றார். போன வாரம் ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த மடிக்கணினி, வேலை நடுவில் திடீர் திடீரென்று அணைந்துவிடும். திரையில் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழைச் செய்தி. ஏற்கெனவே இரண்டு இடங்களில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவள் ஆய்வுக் கட்டுரையின் பாதியும் போய்விட்டது. கடைசியில் பார்த்தால், சார்ஜர் செருகும் துளையின் உள்ளே ஈயப் பற்று விட்டுப்போயிருந்தது. மேசையில் அசைத்தால் மின்சாரம் தடுமாறும். “செய்தி தடவைக்குத் தடவை மாறினா, செய்தியை நம்பாதே, கரண்டைப் பாரு. இதுதான் நான் என் பையன்களுக்கு முதல் நாள் சொல்றது.”

சாகா அண்ணன் தலையாட்டினார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள் என்பது எனக்கு அப்போது பிடிபடவில்லை. தம்பிக்குப் பிடிபட்டுவிட்டது போலும். அவன் கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டான்.

காஞ்சிலிடம் ஒரு வேடிக்கை உண்டு. நாள் முழுக்கக் கணினியோடு மாரடிப்பவர், வீட்டுக்குப் போக ஓட்டுவது கணினியே இல்லாத கார். 660 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். பெரோடுவா நிறுவனம் 1994-இல் முதன்முதலாக வெளியிட்ட மாடல் அது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இன்றைய கார் அந்த அளவை வினாடிக்குப் பல தடவை அளந்து, கணக்குப் போட்டுத் தெளிக்கிறது. காஞ்சிலின் கார்புரேட்டர் கணக்கே போடுவதில்லை. காற்று உறிஞ்சப்படும் வேகத்தில் சின்னத் துளை வழியாகப் பெட்ரோல் தானாக ஏறி வருகிறது. “கெட்டுப்போனா எனக்குத் தெரியும், ஏன்னா முகத்துலயே அடிக்கும்” என்பார். அடிக்கத்தான் செய்கிறது. அந்த இரவும் கடை முழுக்கப் பெட்ரோல் வாடை.

வாடை என்றதும் பேச்சு தம்பியின் பக்கம் திரும்பியது. ‘பி’ ஒட்டி நான்கு மாதமே ஆன அவன், போன மாதம் நண்பர்களோடு அம்மாவின் ஆட்டோ காரில் கேமரன் மலைக்குப் போய் வந்திருக்கிறான். போனது பெரிதில்லை, இறங்கி வந்த கதையை அன்றுதான் மாமாவிடம் சொன்னான். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு இறக்கம். ‘டி’-யிலேயே வைத்துக்கொண்டு, கால் பிரேக்கை விட்டு எடுக்காமல் வந்திருக்கிறான். பாதி வழியில் ஏதோ கருகும் வாடை. பின்னால் வரும் லோரி என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போயிற்று.

கடையில் யாரும் சிரிக்கவில்லை.

“அப்புறம்?”

“கைப்பிரேக்கை மெதுவா இழுத்துக்கிட்டே ஓரமா ஒரு காய்கறிக் கடை முன்னால நிறுத்திட்டேன் மாமா. அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா மறுபடி கெட்டியா இருந்துச்சு. அதான் யாருகிட்டயும் சொல்லல.”

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து வைத்து விளக்க ஆரம்பித்தார். பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி. அந்தச் சூடு தகட்டிலிருந்து பிரேக் எண்ணெய்க்கு ஏறும். பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகைப் புது எண்ணெய் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த விதியே 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு இவை 230, 155. நம்முடையது மழையும் புழுக்கமும் உள்ள நாடு. எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கும் விசையெல்லாம் குமிழை அமுக்குவதிலேயே போய்விடும்; சக்கரத்துக்குப் போகாது. ஆறினால் குமிழ் மறையும், மிதி கெட்டியாகும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

“அம்மா கார்ல பிரேக் எண்ணெய் எப்போ மாத்தினது?”

தெரியாது என்றான். எஞ்சின் எண்ணெயை ஞாபகமாக மாற்றும் பலர் பிரேக் எண்ணெய் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மலை இறங்கும்போது ‘டி’-யிலிருந்து எல், 2, எஸ் அல்லது பி என்று அந்தக் காரில் எது இருக்கிறதோ அந்தக் கீழ் நிலைக்கு மாற்றினால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். எஞ்சின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். அது வேலை செய்கிற சத்தம். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். கருகும் வாடை வந்தால் கண்ணாடியை ஏற்றக்கூடாது, காரை நிறுத்த வேண்டும். சூடான தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

“எந்த விளக்கும் எரியலையே மாமா” என்றான் தம்பி.

“எண்ணெய் கொதிக்குதான்னு பார்க்க அங்க எந்த சென்சரும் இல்லடா. உன் மூக்குதான்.”

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் எல்லாரும் சாகா அண்ணனின் பட்டறையில் இருந்தோம். பட்டறை என்றால் ஒரு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை, ஒரு ஜேக், சுவர் நிறைய சாவிகள். நம் ஊரில் மெக்கானிக்கை ‘போமன்’ என்று அழைப்பார்கள். மேற்பார்வையாளருக்கான ஆங்கிலச் சொல் மலாயில் புகுந்து தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. சாகா அண்ணன் 16 வயதில் ஒரு சீனப் போமனிடம் கையாளாகச் சேர்ந்தவர். சான்றிதழ் ஒன்றும் கிடையாது. கடந்த சில ஆண்டுகளாக வாரத்துக்கு நான்கைந்து கார்களைத் திருப்பி அனுப்புகிறார், ‘கணினி வேலை’ என்பதால். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி தன் பையிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவுள்ள புளூடூத் கருவியை எடுத்தான். இணையத்தில் ஐம்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் வகை. செருகியில் மாட்டிக் கைப்பேசியில் திறந்தான். எனக்கு அவனிடம் பிடித்தது, அவன் குறியீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தவில்லை. எஞ்சின் கணினிக்கு அந்த நொடியில் வந்துகொண்டிருக்கும் அளவுகளை வரிசையாகத் திரையில் ஓடவிட்டான். எஞ்சின் சுற்று, தண்ணீரின் சூடு, காற்றின் அளவு, கூடவே கணினிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம்.

எஞ்சின் சும்மா ஓடுகையில் அந்த மின்னழுத்தம் 14 வோல்ட். சரியான அளவு. சாகா அண்ணன் ஏர்கானைப் போடச் சொன்னார். முன்னால் ரேடியேட்டர் விசிறி ‘உர்’ என்று சுழலத் தொடங்கியதும் திரையில் 14 என்பது 12-க்குக் கீழே விழுந்தது. கார் ஒரு குலுக்கல் குலுக்கியது. விசிறி நின்றதும் மறுபடி 14.

“பேட்டரி போச்சு” என்றார் மைவி சோர்வாக.

சாகா அண்ணன் பழைய மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தார். மறுபடி விசிறி. பேட்டரியில் 13.9. அசையவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தம்பிதான் முதலில் வாய் திறந்தான். “பேட்டரி கொடுக்குது, பெட்டிக்குப் போய்ச் சேரல.”

“ம். அப்போ எங்க போகுது?”

பாதையில் எங்கோ. மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒயர் வழியாகப் போகிறது. ஆனால் திரும்பி வருவதற்குத் தனி ஒயர் கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. அதற்காகப் பல ஒயர்களின் முனைகளை ஒன்றாகச் சேர்த்துக் காரின் உடலில் ஒரே போல்ட்டில் இறுக்கியிருப்பார்கள். ‘எர்த்’ என்பது அதைத்தான். அந்த இடம் கெட்டால் அந்த போல்ட்டை நம்பியிருக்கும் எல்லாமே தடுமாறும். விசிறி போன்ற பெரிய தீனிக்காரன் சுழலும்போது சின்னவர்களுக்கு மிஞ்சாது. கணினிக்கு மின்சாரம் குறைந்தால் காயில் சரியாகப் பொறி விடாது. எந்த சிலிண்டர் அந்த நேரம் மாட்டுகிறதோ அதன் எண் குறியீட்டில் பதிவாகும். ஒருநாள் ஒன்று, ஒருநாள் மூன்று.

சாகா அண்ணன் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையில் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையைத் தம்பியிடம் கொடுத்து, எர்த் ஒயர்கள் சேரும் இடங்களில் ஒவ்வொன்றாக ஒயர் முனையைத் தொடச் சொன்னார். நல்ல இணைப்பு என்றால் மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். முதல் இடம் 0.05. இரண்டாவது இடம் அதே மாதிரி. வலப்பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றாவது இடத்தில் 2.1.

அந்த போல்ட்டைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன் மைவி முன்பக்கம் இடிபட்டு ஒரு பட்டறையில் தட்டிச் சாயம் அடித்து வாங்கியிருந்தார். போல்ட்டைக் கழற்றிச் சாயம் அடித்தவர்கள், காய்ந்த சாயத்தின் மேலேயே ஒயரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். சாயம் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த இணைப்பு இத்தனை மாதம் தாக்குப்பிடித்தது; பிறகு மழைத் தண்ணீர் புகுந்து அதுவும் துருப்பிடித்துவிட்டது.

மணல் தாளால் அந்த இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார்கள். ஒயர் முனைகளைச் சுத்தம் செய்தார்கள். புதிய போல்ட், மேலே கொஞ்சம் கிரீஸ். ஏர்கான், ஹெட்லைட், விசிறி எல்லாவற்றையும் போட்டார்கள். திரையில் 13.8. எஞ்சின் அசையாமல் நின்றது. சேதாரம் ஒரு போல்ட், ஒரு துண்டு மணல் தாள். மைவி பணம் எடுத்தபோது சாகா அண்ணன், “காலைச் சாப்பாடு வாங்கிக் கொடு, போதும்” என்றார்.

1,800 ரிங்கிட் மிச்சமானது என்பதைவிட எனக்கு வேறொன்று மனத்தில் நின்றது. தம்பியின் கைப்பேசி இல்லாவிட்டால் ‘பேட்டரியில் 13.9, பெட்டியில் 12’ என்ற அந்த வித்தியாசம் இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது. மாமாவின் கேள்விகள் இல்லாவிட்டால் தம்பிக்கு ஏர்கானைப் போட்டுப் பார்க்கவே தோன்றியிருக்காது. அந்த ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்தார்கள்.

பொட்டலத்தில் வந்த நாசி லெமாக்கைப் பிரிக்கும்போதுதான் உண்மையான சங்கடம் வெளியே வந்தது. தம்பிக்கு ஆட்டோமோட்டிவ் படிக்க ஆசை. அவன் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. படிவம் ஆறு அல்லது மெட்ரிகுலேஷன், பிறகு பல்கலைக்கழகம் என்பது அவர் கணக்கு. “அண்ணன் மாதிரி கை கறுக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். இதை மாமாவின் முன்னாலேயே அவன் சொன்னான். சாகா அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் ‘பட்டறைக்குப் போய்விடுவாய்’ என்பது படிக்காத பிள்ளையை மிரட்டும் வாசகமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த வாசகம் சாகா அண்ணனின் 16 வயதுக் காலத்தது. இன்று மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். ஒன்று, இரண்டு, மூன்று என நிலை நிலையாக ஏறுகிறது. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா. மனிதவளத் துறையின் அட்டெக் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. போலிடெக்னிக்கில் நேராக டிப்ளோமா படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் மையங்களில் சேர்ந்தால் பி.டி.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்திடம் கடன் கேட்கலாம். எந்தக் கழகத்தில் எந்த வசதி நன்றாக இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். பட்டறையில் நிற்கும் கார்கள் எந்த வருடத்தவை, மாணவர் கையில் ஸ்கேனர் கொடுக்கிறார்களா, மின்சாரக் காரில் கைவைக்கப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரை 2024 டிசம்பரில் வெளியிட்டுவிட்டது. அவ்வகைக் காரில் ஆரஞ்சு நிறக் கம்பிகளில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். சாகா அண்ணன் பாணியில் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது.

“அதை நான் தொடவே மாட்டேன்” என்றார் அவர். “அது இவன் காலம்.”

அப்போது காஞ்சில் ஒரு விஷயத்தை இழுத்தார். திறன் மேம்பாட்டுத் துறையில் பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. பல ஆண்டு வேலை பார்த்து அனுபவம் பெற்றவர்கள், வகுப்பில் உட்காராமல், தாங்கள் செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் சோதித்த பிறகு அதே எஸ்.கே.எம். சான்றிதழைப் பெறலாம். அதைப் பற்றி மூன்று வருடங்களுக்கு முன்பே சாகா அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். பாரத்தைக்கூட வாங்கிக் கொடுத்தாராம். எங்கே அது?

சாகா அண்ணன் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத் தூக்கினார். பின்னால், எண்ணெய்க் கறையோடு, மடித்த பாரம்.

“எழுதணும்கிறான். படம் எடுக்கணும்கிறான். என்ன செஞ்சேன், ஏன் செஞ்சேன்னு விளக்கம் வேற வேணுமாம். கார் சரியாயிருச்சுன்னா வேற என்ன விளக்கம்?” குரலில் கோபம் இருந்தது. கோபமா, வெட்கமா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை யாரோ ஒருவர் வந்து சோதிப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

தம்பி பாரத்தை வாங்கி விரித்தான். இரண்டு பக்கம் படித்தான். “மாமா, இது நான் தட்டச்சு பண்ணிடறேன். நீங்க சொல்லுங்க, போதும். ஆனா ஒண்ணு. அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்.”

“அவ என் பேச்சைக் கேட்பாளா?”

“சான்றிதழோட போய்ப் பேசினா கேட்பாங்க.”

மைவி வாயிலிருந்த சோற்றோடு சிரித்துவிட்டார். சாகா அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வரும்போது குப்பைத் தொட்டியைக் குனிந்து கிளறி, துருப்பிடித்த அந்தப் பழைய போல்ட்டை எடுத்துத் துணியில் துடைத்து மேசைமேல் வைத்தார்.

“இதைப் படம் எடு” என்றார். “சாயம் ஒட்டியிருக்கிற பக்கம் தெரியணும்.”